வாந்திக்குப் பயந்து எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறீர்களா?

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை பற்றி விசாரிக்க வருபவர்கள் தழும்பு, செலவு, எத்தனை கிலோ குறையும் என்பதையெல்லாம் முதலிலேயே கேட்டுவிடுவார்கள். வாந்தியைப் பற்றிய கேள்வி மட்டும் எழுந்து கிளம்பும்போதுதான் வரும்: "ஆபரேஷனுக்கு அப்புறம் வாந்தி நிறைய வருமாமே?" அதற்குக் கிடைக்கும் வழக்கமான பதில், "அதெல்லாம் ஒண்ணும் வராது, தைரியமா இருங்க." இந்தப் பதிலை நாங்கள் சொல்வதில்லை. வாந்தியை வெறுமனே பிடிக்காதவருக்கு அது ஆறுதலாக இருக்கலாம். வாந்தி என்ற சொல்லைக் கேட்டாலே கை சில்லிட்டுப்போகிறவருக்கோ, முதல் குமட்டலிலேயே அந்த வாக்கு பொய்த்துவிடும். பிறகு வார்டில் யார் என்ன சொன்னாலும் நம்ப மாட்டார்.

அப்படிப்பட்டவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் முகம் வெளிறினாலே இறங்கிவிடுவார்கள். பாலை மூன்று முறை முகர்ந்து பார்ப்பார்கள். கல்யாண வீட்டுச் சாப்பாட்டைத் தவிர்ப்பார்கள். குழந்தைக்கு வாந்தி வந்தால் வேறு யாராவது தூக்கட்டும் என்று அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். மசக்கைக்குப் பயந்து கர்ப்பத்தையே தள்ளிப்போட்ட பெண்கள் உண்டு. கைப்பையில் எப்போதும் ஒரு அட்டை ஆன்டான்செட்ரான் என்ற வாந்தி தடுப்பு மாத்திரை இருக்கும். இது எமெட்டோஃபோபியா என்ற மனநலப் பிரச்சினை; சிகிச்சை உள்ள பிரச்சினை. இது இருப்பதாலேயே அறுவை சிகிச்சை கூடாது என்று ஆகிவிடாது. ஆனால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். அட்மிஷன் ஆகும் இரவில் சொன்னால் தூக்க மாத்திரை கொடுப்பதைத் தவிர யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

முதல் இரண்டு நாள்: மயக்க மருந்தின் வேலை

அறுவை சிகிச்சைக்குப் பின் வாந்தி வரக்கூடிய காலம் இரண்டு. இரண்டுக்கும் காரணம் வேறு, தடுக்கும் வழியும் வேறு.

முதலாவது, கண் விழித்ததிலிருந்து 24 முதல் 48 மணி நேரம். இதைக் கணிக்க மயக்க மருத்துவர்கள் 1999-ல் கிறிஸ்டியன் ஆப்ஃபெல் குழு வெளியிட்ட எளிய அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். நான்கே கேள்விகள்: பெண்ணா, புகைபிடிக்காதவரா, பயணத்திலோ முந்தைய அறுவை சிகிச்சையிலோ வாந்தி எடுத்தவரா, பிறகு மார்ஃபின் வகை வலிநிவாரணி தேவைப்படுமா. ஒன்றுக்குமே 'ஆம்' இல்லையென்றால் குமட்டலோ வாந்தியோ வரும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம். ஒவ்வொரு 'ஆமு'க்கும் அது 20, 40, 60 என ஏறி, நான்கும் இருந்தால் 80 ஆகிறது. நம் ஊரில் இந்தச் சிகிச்சைக்கு வரும் பெண்களில் பலருக்கு மூன்று 'ஆம்' எளிதாகத் தேறிவிடும்.

80 என்றதும் பயந்துவிட வேண்டாம். அது எந்தத் தடுப்பு மருந்தும் தராதபோது உள்ள கணக்கு. மயக்கம் கொடுக்கும்போது டெக்ஸாமெத்தசோன் 4 முதல் 8 மில்லிகிராம், முடியும் தறுவாயில் ஆன்டான்செட்ரான் 4 மில்லிகிராம், வாயு மயக்க மருந்துக்குப் பதிலாக நரம்பு வழியே புரோபோஃபால் என்று இருக்கும் வழிகளில் ஒவ்வொன்றும் ஆபத்தை ஏறக்குறைய கால் பங்கு குறைக்கிறது. ஒன்றோடு ஒன்று சேரச் சேரப் பலன் கூடும். அதிக ஆபத்து உள்ளவர்களுக்கு அறுவை சிகிச்சைக்கு முன் அப்ரெபிடன்ட் மாத்திரையும் தருவார்கள். வலிக்குப் பாராசிட்டமால், வயிற்றுச் சுவரில் போடும் மரப்பு ஊசி என்று மார்ஃபின் வகையைக் குறைத்தாலும் குமட்டல் குறையும். ஆகவே மயக்க மருத்துவரிடம் "வாந்தி வராமப் பாத்துக்குங்க" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "என் ஸ்கோர் என்ன, எத்தனை வகை மருந்து தரப்போறீங்க?" என்று கேளுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் டெக்ஸாமெத்தசோனால் சர்க்கரை ஏறும். அதற்கும் அவரிடம் திட்டம் இருக்க வேண்டும். சர்க்கரைக்கோ எடைக்கோ செமாக்ளுடைட், டிர்செபடைட் போன்ற ஊசி போடுபவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவை வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துவதால் அறுவை சிகிச்சைக்கு முந்தைய பட்டினி நேரம் மாறலாம்.

இவ்வளவும் செய்தும் ஸ்லீவ் எனும் இரைப்பைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு முதல் நாள் குமட்டல் வருவது உண்டு. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் நீக்கி, மீதியைக் குழாய்போல் பின் போட்டுத் தைத்திருக்கிறார்கள். அந்தச் சுவர் வீங்கி இறுகி நிற்கும். ஓங்கரித்தாலும் வெளியே வருவது எச்சில், கோழை, சில சமயம் காப்பிப் பொடி நிறக் கீற்று, அவ்வளவுதான். உள்ளே உணவே இல்லை. ஓரிரு முறை ஓங்கரிப்பதால் தையல் பிய்ந்துவிடாது. பிய்ந்துவிடுமோ என்ற கேள்வியை வாய்விட்டுக் கேட்காமல் படுக்கையில் ஆடாமல் அசையாமல் கிடப்பவர்கள் பலர். நடந்தால்தான் குமட்டல் சீக்கிரம் அடங்கும்; காலில் ரத்தம் உறைவதையும் அது தடுக்கும்.

அந்த நேரத்துக்குக் கைவசம் சில உத்திகள் வேண்டும். கட்டிலின் தலைப்பக்கத்தை 30 டிகிரி உயர்த்துங்கள். ஊசி போடும் முன் தோலைத் துடைக்கும் ஸ்பிரிட் பஞ்சை மூக்குக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே பிடித்து ஒரு நிமிடம் மெதுவாக முகருங்கள். அவசர சிகிச்சைப் பிரிவுகளில் சோதித்துப் பார்த்துப் பலன் கண்ட முறை இது. உள்ளங்கை மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, இரு தசைநாண்களுக்கு நடுவே அழுத்துவதும் பலருக்கு உதவுகிறது. மூச்சை நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். நர்ஸிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லிவையுங்கள்: "வாந்தி வருதா வருதான்னு கேக்காதீங்க, நானே பத்துக்கு எத்தனைன்னு சொல்றேன்." அக்கறையோடு கேட்கப்படும் அந்தக் கேள்வியே குமட்டலைக் கிளப்பிவிடும்.

பிறகு வருவது வாந்தியா, எதுக்களிப்பா?

இரண்டாவது காலம் வீட்டுக்குப் போன பிறகு, மாதக்கணக்கில் நீள்வது. பயப்படுகிறவர் மனதில் ஓடும் படம், கெட்ட பிரியாணி சாப்பிட்ட இரவின் படம்: நெடுநேரக் குமட்டல், வியர்வை, புளித்த நாற்றம், அடக்கவே முடியாத அலை. ஸ்லீவுக்கோ, இரைப்பையின் மேல்பகுதியில் சிறு பை அமைத்துச் சிறுகுடலோடு இணைக்கும் பைபாஸுக்கோ பிறகு வருவது பெரும்பாலும் அது இல்லை. மீதமிருக்கும் ஸ்லீவ் குழாயின் கொள்ளளவு 100 முதல் 150 மில்லி. பைபாஸ் பை 30 மில்லிதான். சரியாக மெல்லாத ஒரு கவளம் உள்ளே போனதும் வழியில் தங்கிவிடுகிறது. நெஞ்சுக்கூட்டின் நடுவே இறுக்கம், வாயில் எச்சில் ஊற்றெடுப்பு, பிறகு ஒன்றிரண்டு கரண்டி நுரையோடு அந்தக் கவளம் மேலே வருகிறது. துப்பியதும் சில நிமிடங்களில் எல்லாம் சரியாகிவிடும். புளிப்பு நெடி பெரும்பாலும் இருக்காது, ஏனென்றால் உணவு அமிலத்தோடு கலக்கவே இல்லை.

இன்னொரு நல்ல செய்தி, அது சொல்லாமல் வருவதில்லை. விக்கல், மூக்கில் நீர், திடீர்த் தும்மல், நெஞ்செலும்புக்குக் கீழே அழுத்தம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று முன்னால் வந்துவிடும். ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம். அது தெரிந்த நொடியில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டால் பெரும்பாலும் அங்கேயே நின்றுபோகும். நம் வீடுகளில் அந்த நொடியில்தான் "இன்னும் ஒரு வாய்தான் இருக்கு, வீணாக்காதே" என்று ஒரு குரல் கேட்கும். அந்தக் குரலுக்கு உரியவரையும் ஒருமுறை டயட்டீஷியனிடம் அழைத்துவருவது நல்லது.

திரவக் கட்டத்தில் கணக்கு இது: 15 நிமிடத்துக்கு 30 மில்லிக்கு மேல் வேண்டாம். இருமல் டானிக் பாட்டிலின் 10 மில்லி மூடியால் மூன்று மூடி, ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. மணிக்கு 100 மில்லி என்றாலும் விழித்திருக்கும் 15 மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் சேர்ந்துவிடும். வெறும் தண்ணீர் சிலருக்குக் கனமாக இருக்கும். இஞ்சி தட்டிப்போட்ட வெந்நீர், வடிகட்டிய ரசத் தெளிவு, நீர்மோர் எளிதாக இறங்கும். சோடா, கூல்டிரிங்ஸ் கூடாது. மடக் மடக்கென்று குடித்தால் காற்றும் சேர்ந்து இறங்கி, அதுவே எதுக்களிக்க வைக்கும்.

சுமார் இரண்டு வாரம் திரவம், இரண்டு வாரம் மசியல், பிறகு மென்மையான உணவு. நாளும் அளவும் உங்கள் மருத்துவமனையின் தாளில் உள்ளபடி. திட உணவுக்கு மாறும்போதுதான் தகராறு. பரோட்டா, பிரெட், சப்பாத்தி மூன்றும் எச்சிலில் ஊறி மாவுருண்டையாகி அடைக்கும். உதிரியான சாதம் மேலும் ஊறிப் பெருகும். கோழியின் நெஞ்சுக்கறி, கீரைத்தண்டு, முருங்கைக்காய், ஆரஞ்சுச் சுளைத் தோல் எல்லாம் நாராகத் தங்கும். குழம்பில் வெந்த மீன் முள் நீக்கியது, மெத்தென்ற முட்டைப் பொடிமாஸ், பயத்தம்பருப்பு மசியல், கெட்டித் தயிர், மசித்த பனீர் சிரமமில்லாமல் போகும். நாளொன்றுக்கு 60 கிராம் புரதம் இவற்றிலிருந்தும் புரதப் பவுடரிலிருந்தும் வர வேண்டும். டீஸ்பூனில் பாதி, கூழாகும்வரை மெல்லல், வாய்க்கு வாய் கரண்டியைக் கீழே வைத்தல், 20 முதல் 30 நிமிடத்தில் முடித்தல். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் தண்ணீர் வேண்டாம். பைபாஸ் செய்தவர்கள் பாயசம், ஜிலேபி பக்கம் போனால் சிறிது நேரத்தில் படபடப்பு, வியர்வை, குமட்டல் வரும். அதற்கு டம்பிங் என்று பெயர்.

எந்த அறுவை சிகிச்சை என்று முடிவெடுக்கும்போதும் இந்தப் பயத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஏற்கெனவே நெஞ்செரிச்சலும் இரவில் புளித்துத் தொண்டைவரை வருவதும் உள்ளவருக்கு ஸ்லீவ் அதைக் கூட்டலாம். வாந்திப் பயம் உள்ளவருக்கு அது தினசரிச் சித்திரவதை. அவருக்குப் பைபாஸ் பற்றிப் பேச வேண்டும்.

உண்மையான ஆபத்து தவிர்ப்பதில்

ஒருமுறை எதுக்களித்ததும் இவர்கள் கஞ்சி, ஐஸ்க்ரீம், டீயில் நனைத்த பிஸ்கட் என்று வழுக்கிப் போகிறவற்றுக்குத் திரும்பிவிடுவார்கள். வாந்தி நிற்கும், புரதம் குறையும், முடி கொட்டும், எடையும் எதிர்பார்த்தபடி இறங்காது. சிலர் குடிப்பதையே குறைப்பார்கள். நீர்ச்சத்து குறைந்தால் குமட்டும். அதைக் கண்டு இன்னும் குறைப்பார்கள். சிலர் தினமும் ஆன்டான்செட்ரான் போட்டுக்கொள்வார்கள். அது மலச்சிக்கலையும் தலைவலியையும் கொடுக்கும், கட்டிக்கொண்ட வயிறு மறுபடி குமட்டும். இதயத் துடிப்புக்கு மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

இதற்கான பயிற்சியை அறுவை சிகிச்சைக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே மருத்துவ உளவியலாளரோடு தொடங்க வேண்டும். படிப்படியான எதிர்கொள்ளல் என்பது இதன் முறை. 'வாந்தி' என்று எழுதி உரக்கப் படிப்பதில் தொடங்கி, சத்தத்தைக் கேட்பது, படம், வீடியோ, பிறகு ஓட்ஸ் கஞ்சியில் சில சொட்டு வினிகர் விட்டு வாயில் வைத்து சிங்க்கில் துப்புவது என்று ஏற வேண்டும். சுழல் நாற்காலியில் ஒரு நிமிடம் சுற்றித் தலைசுற்றலோடு உட்கார்ந்திருப்பதும் ஒரு படி. ஒவ்வொரு படியிலும் பயத்துக்கு 100-க்கு மதிப்பெண் போட்டு, அது பாதியாகும்வரை அங்கேயே இருக்க வேண்டும். நடுவில் எழுந்து ஓடினால் பயம் வளர்ந்துவிடும். கூடவே கைப்பை மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டுப் போகவும் பழக வேண்டும். உண்மையிலேயே வாந்தி எடுத்துப் பார்ப்பது இந்தப் பயிற்சியில் இல்லை. விரலை விட்டு வரவழைப்பது எப்போதுமே கூடாது. அப்படிச் செய்யும் பழக்கம் ஏற்கெனவே உள்ளவருக்கு முதலில் அதற்குத்தான் சிகிச்சை.

கல்லீரலைச் சுருக்க அறுவை சிகிச்சைக்கு முன் இரண்டு வாரம் கலோரி குறைந்த உணவு தருவார்கள். டானிக் மூடியையும் அரை டீஸ்பூனையும் அப்போதே பழக்கிக்கொள்ளுங்கள். முன்கூட்டிச் செய்யும் எண்டோஸ்கோப்பியில் ஓங்கரிப்பு வரும் என்று பயந்தால், தொண்டை மரப்பு ஸ்ப்ரேயோடு லேசான மயக்கமும் கேட்கலாம்.

எப்போது உடனே போக வேண்டும்

24 மணி நேரமாகத் தண்ணீர்கூட நிற்கவில்லை, சிவந்த ரத்தமோ பச்சைப் பித்தமோ வருகிறது, காய்ச்சல், தாங்க முடியாத வயிற்றுவலி, இடது தோள்பட்டை வலி, ஓய்விலும் நாடித்துடிப்பு 120-க்கு மேல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். சில வாரங்கள் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, பிறகு நாளுக்கு நாள் திரவம் மட்டுமே இறங்குகிறது என்றால் பாதை சுருங்கியிருக்கலாம். எண்டோஸ்கோப்பி வழியே பலூன் வைத்து விரிக்க முடியும்.

குடும்பத்தினர் தெரிந்திருக்க வேண்டியது தயாமின் எனும் வைட்டமின் பி1. உடலில் அதன் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான். தொடர் வாந்தியாலோ, பயந்து சாப்பிடாமல் இருப்பதாலோ அது தீர்ந்துபோனால் தள்ளாட்டம், பார்வை இரட்டையாகத் தெரிவது, பேச்சில் குழப்பம் வரும். தாமதித்தால் மூளைப் பாதிப்பு நிலைத்துவிடும். அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனை தொலைவில் இருந்து, பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓட நேர்ந்தால், குளுக்கோஸ் டிரிப்ஸ் ஏற்றும் முன் "இவருக்கு எடைக்குறைப்பு ஆபரேஷன் ஆகியிருக்கு, முதல்ல தயாமின் ஊசி போடுங்க" என்று சொல்லுங்கள். தயாமின் இல்லாத உடலில் குளுக்கோஸ் ஏறினால் மிச்சமிருப்பதும் செலவாகிவிடும். இந்த வரியை ஒரு சீட்டில் எழுதி டிஸ்சார்ஜ் ஃபைலின் முதல் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.