ஆக்கப் பொறுத்தீர்கள், ஆறவும் பொறுங்கள்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம், கோலாலம்பூர் செந்தூலில் பல்செட் செய்யும் என் லேப்பைப் பூட்டப்போகிற நேரத்தில் ஒரு கிளினிக்கிலிருந்து பல்செட் ஒன்று பையில் வந்தது. செய்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. போட்டிருந்த அம்மாவுக்கு வயது 68. வாயெல்லாம் சிவந்து, ரசம் விழுங்கினால்கூட எரிகிறதாம். யாரோ ஒருவர் வீட்டுக்கே வந்து அளவெடுத்து, ஒரே நாளில் செய்து கொடுத்திருக்கிறார். இப்படி என் மேசைக்கு வருவது இந்த வருடம் இது நாலாவது.

பையைப் பிரித்ததுமே நெடி. கீழ்ச்செட்டை விளக்குக்கு நேரே பிடித்தேன். கடைவாய்ப் பக்கம், தடிப்பான இடத்தில், ரோஸ் நிறத்துக்குள்ளே பொடிப்பொடியாகக் குமிழி. ஆப்பத்தின் நடுவைப் பிட்டால் தெரியுமே, அதே மாதிரி. மெல்லிய ஓரங்களில் ஒரு குமிழிகூட இல்லை. இருபது வருடமாக இதே வேலையாக இருப்பவனுக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். கொதிக்கிற தண்ணீரில் நேராகப் போட்டு அவித்திருக்கிறார்கள்.

"தண்ணி நல்லா கொதிச்சா சீக்கிரம் வெந்துடும்லண்ணே?" வேலைக்கு வரும் தம்பிகள் எல்லாரும் கேட்பது இது. கிளினிக் நடத்துகிற சிலரும் கேட்கிறார்கள், அதுதான் வயிற்றெரிச்சல். ஐயா, இது இடியப்பம் இல்லை. இடியப்பம் வெளியிலிருந்து வரும் சூட்டில் வேகிறது, சூட்டைக் கூட்டினால் சீக்கிரம் வேகும், சரி. செட்டின் ரோஸ் நிறப் பகுதி அக்ரிலிக் என்கிற பிளாஸ்டிக். பவுடரையும் மோனோமர் என்கிற திரவத்தையும் கலந்த மாவை அச்சில் அடைத்து வேகவைப்போம். அதற்கு வெளிச்சூடு தீக்குச்சி மாதிரி. 60 டிகிரி தாண்டியதும் பவுடரில் இருக்கும் பென்சாயில் பெராக்சைடு என்கிற ரசாயனம் உடைந்து வேலையைத் தொடங்கிவிடும். அதன் பிறகு மாவு தானாகவே சூடாகிறது. நீங்கள் அடுப்பை அணைத்தாலும் சூடாகும். அந்த மாவில் கலந்திருக்கும் மோனோமர் 100 டிகிரியைக் கொஞ்சம் தாண்டினாலே கொதிக்கும். சுற்றியிருக்கும் தண்ணீர் 100, அதோடு மாவின் சொந்தச் சூடு. நாலு பக்கமும் அச்சின் பிளாஸ்டர் அடைத்திருப்பதால் தடிப்பான இடத்துச் சூடு போக வழியில்லாமல் 100ஐத் தாண்டிவிடும். மோனோமர் உள்ளேயே கொதித்து, ஆவி வெளியே வர முடியாமல் குமிழியாகவே இறுகிவிடுகிறது. மெல்லிய ஓரத்துச் சூடு பிளாஸ்டருக்குள் இறங்கிவிடும், அங்கே குமிழி வராது. ஓரத்தைத் தடவிப் பார்த்து "நல்லா வந்திருக்கு" என்று சொல்கிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

அதனால்தான் தண்ணீரை 74 டிகிரியில் வைப்பது. நான் ராத்திரி முழுக்க, எட்டு ஒன்பது மணி நேரம் அப்படியே விட்டு, காலையில் ஒரு மணி நேரம் கொதிக்க விடுவேன். அவசரம் என்றால் 74இல் இரண்டு மணி நேரம், பிறகு 100இல் ஒரு மணி நேரம். அதற்குக் கீழே பேரம் கிடையாது. அப்புறம், அச்சு இருக்கும் உலோகப் பெட்டியான பிளாஸ்க்கை எடுத்ததும் குழாயடியில் காட்டாதீர்கள். அரை மணி நேரம் மேசையில் ஆறட்டும். பிளாஸ்டரும் அக்ரிலிக்கும் ஒரே மாதிரி சுருங்காது, திடீரென்று குளிர்ந்தால் செட் கோணிக்கொள்ளும்.

"கெட்டியாதானே இருக்கு?" கெட்டியாக இருக்கும். ஆனால் நேரம் போதாமல் எடுத்த செட்டுக்குள் சேராத மோனோமர் மிச்சம் இருக்கும், வாயை எரிக்கக்கூடியது அது. ஒழுங்காக வெந்ததில் அது 0.2 முதல் 0.5 சதவீதம். சூடில்லாமல் இறுகும் ரிப்பேர் அக்ரிலிக்கில் 3 முதல் 5 சதவீதம் வரை நிற்கும். உடைந்த செட்டை ஒரு மணி நேரத்தில் ஒட்டித் தருகிற நான் புதுசுக்கு மட்டும் ஏன் நாள் கேட்கிறேன் என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். புதுச் செட்டை ஓரிரு நாள் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுப்பதும் மிச்சத்தைக் குறைக்கத்தான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வாய் சிவப்பதெல்லாம் மோனோமரால் இல்லை. ராத்திரியும் கழற்றாமல் போட்டுத் தூங்குகிறவர்களுக்குப் பூஞ்சைதான் அதிகம். செட் சரியாக உட்காராததாலும் புண்ணாகும். எது என்று பல் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும், நானும் நீங்களும் ஊகிக்க வேண்டாம்.

லேப் தம்பிகளுக்கு: தெர்மாமீட்டர் இல்லாமல் தொட்டியை ஓட்டாதே. மாவை வெறுங்கையால் பிசையாதே, லேடெக்ஸ் கையுறையையும் நம்பாதே, மோனோமர் அதற்குள்ளேயும் இறங்கும். என் விரல் நுனி இன்றும் வெடித்துக் கிடக்கிறது. மெழுகு உருக்கும் தீக்குப் பக்கத்தில் மோனோமர் பாட்டிலைத் திறக்கிறவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவேன். ஏர்கோன் ஓடுகிறது என்று ஜன்னலை எல்லாம் அடைக்காதே.

செட் போடுகிற அம்மா அப்பாக்களுக்கு: சுத்தம் செய்கிறேன் என்று கொதிதண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போடுங்கள். மின்கம்பத்தில் நம்பர் ஒட்டியிருக்கும் ஆளைக் கூப்பிடாதீர்கள். பதிவில்லாதவர் வாயில் அளவெடுப்பதே மலேசியாவின் 2018ஆம் ஆண்டு பல் மருத்துவச் சட்டப்படி குற்றம். அரசாங்கப் பல் கிளினிக்கிலும் செட் செய்கிறார்கள். காத்திருக்க வேண்டும்தான், தயவுசெய்து காத்திருங்கள்.

அந்த அம்மாவின் புண் ஆறட்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், பிறகுதான் புது அளவு. அதற்குள் கிளினிக் தங்கச்சி இரண்டு தடவை போன் செய்துவிட்டது. மகன் கேட்கிறாராம், தீபாவளிக்குள் முடியுமா என்று.