பிள்ளை வெளிறிப்போனதற்கு ஜனத்தொகை காரணமில்லை

"ஜனத்தொகை இப்படிப் பெருகினா, எல்லாருக்கும் சத்தான சாப்பாடு எங்கேருந்து வரும் டாக்டரம்மா?" ரத்தசோகையோடு வந்த ஒன்றரை வயதுப் பேரனை மடியில் வைத்துக்கொண்டு போன வாரம் ஒரு தாத்தா கேட்டார். வீட்டில் இவன் ஒரே பிள்ளை. ரேஷன் அரிசிக்குக் குறைவில்லை. பிள்ளைக்குக் கொடுப்பதோ பால், பிஸ்கட், ரசஞ்சோறு. இதே பேச்சை எத்தனை பேரிடம்தான் கேட்பது?

1951-இல் நாம் 36 கோடிப் பேர். விளைந்த உணவு தானியம் சுமார் 5 கோடி டன். இன்று 140 கோடிக்கு மேல் இருக்கிறோம். விளைச்சல் 30 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. ஆட்கள் நான்கு மடங்கானார்கள், தானியம் ஆறு மடங்கானது. 1943 வங்கப் பஞ்சம்கூட ஜனம் பெருகியதால் வந்ததல்ல. போர்க்காலத்தில் அரிசி விலை எகிறியது, கூலிக்காரர்கள் கையில் காசில்லை, லட்சக்கணக்கானோர் செத்தார்கள்.

நம் ஊரையே பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைதான். அதே ஆய்வில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை. பிள்ளைகள் குறைந்தால் சத்து தானாக வரும் என்றால், இந்நேரம் வந்திருக்க வேண்டுமே?

பருப்பின் கதை மட்டும் வேறு. 1951-இல் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 60 கிராம் கிடைத்தது. இப்போது அதைவிடக் குறைவு. பசுமைப் புரட்சியின் பாசனமும் விதையும் கொள்முதலும் நெல்லுக்கும் கோதுமைக்கும் போயின, பருப்பு மானாவாரியிலேயே நின்றுவிட்டது. அதனால்தான் தட்டில் சோறு மலையாகவும் குழம்பு தண்ணீராகவும் இருக்கிறது.

அடுத்த பிள்ளைக்கு இரண்டு வருடமாவது இடைவெளி விடச் சொல்கிறேன். அது தாயின் உடம்பில் ரத்தம் ஊறுவதற்காக, நாட்டின் நெல்லை மிச்சம் பிடிக்க அல்ல.

சரி, செய்ய வேண்டியதைக் கேளுங்கள். ஆறு மாதம் முடிந்ததும் பருப்பை மசித்து ஊட்டுங்கள், வெறும் பருப்புத் தண்ணீர் போதாது. முட்டை கொடுங்கள், முருங்கைக்கீரை கொடுங்கள். ஒரு வயதுக்கு மேல் பால் அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். பாலிலேயே வயிறு நிறைந்தால் சோறு இறங்காது. அங்கன்வாடி சத்துமாவை மாட்டுக்குக் கரைத்து வைக்காதீர்கள், அது உங்கள் பிள்ளைக்கு. டீ, காபி பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். அப்புறம், நாங்கள் எழுதிக் கொடுக்கும் இரும்புச்சத்து மருந்தால் மலம் கறுப்பாகப் போகும். அதைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து.