சிற்றலையில் உரிமமில்லா நிலையங்களைக் கேட்பது: சட்டம் எங்கே தடுக்கிறது, அலுவலகம் எங்கே அலைக்கழிக்கிறது

உரிமம் வாங்காமல் ஒலிபரப்பும் சிற்றலை (ஷார்ட்வேவ்) நிலையங்களைத் தேடிப்பிடித்துக் கேட்பதை உலகம் முழுக்கப் பலர் பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அதில் இறங்கும் இளைஞர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் கேட்டதற்காக அல்ல, தப்பான கருவியை வாங்கியதற்காக. எனக்குத் தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவர், "இதில் எல்லாம் கேட்கும்" என்று யாரோ சொன்னதை நம்பி ஆன்லைனில் ஒரு வாக்கி-டாக்கி வாங்கினார். அதில் சிற்றலை வரவே வராது. பேசும் பொத்தானை அவர் அழுத்தியதும் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து புகார் போனது. காவல் நிலையத்தில் பாதி நாள் உட்கார வைத்து, கருவியை வாங்கிக்கொண்டு, ஒரு துண்டுச் சீட்டுகூடத் தராமல் அனுப்பிவிட்டார்கள். இதை எழுத வைத்தது அந்தப் பையனின் முகம்தான்.

சட்டம் இரண்டே வரி. தபால் ஆபீசில் ஆண்டுதோறும் பணம் கட்டிப் புதுப்பித்த ரேடியோ லைசென்ஸ் 1980களிலேயே ஒழிந்துவிட்டது. ஒலிபரப்பு கேட்கும் ரேடியோவுக்கு இன்று எந்த உரிமமும் வேண்டாம். ஆனால் அலையை அனுப்பக்கூடிய கருவியை, 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டக் காலத்திலிருந்தே, அனுமதியில்லாமல் கையில் வைத்திருப்பதே குற்றம். "நான் கேட்க மட்டும்தான் வைத்திருந்தேன்" என்பது அங்கே எடுபடாது.

அதனால் வாங்கும்போதே விழித்துக்கொள்ள வேண்டும். ஏடிஎஸ்-20 என்று விற்கும் சின்னப் பெட்டி கேட்க மட்டும்தான். ஏறத்தாழ அதே அளவில், அதே மாதிரித் திரையோடு வரும் யுஎஸ்டிஎக்ஸ் அனுப்பவும் செய்யும். கணினியில் செருகும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் (மென்பொருளால் இயங்கும் ரேடியோ) கேட்பதற்கு மட்டுமே. ஹேக்ஆர்எஃப் என்பதும் 'எஸ்டிஆர்' என்ற பெயரிலேயே விற்பனையாகிறது, ஆனால் அதில் அனுப்பும் வசதி இருக்கிறது. விற்பனைப் பக்கத்தில் இந்த வேறுபாட்டைக் கொட்டை எழுத்தில் யாரும் போடுவதில்லை. நீங்கள்தான் விவரத்தாளைத் திறந்து பார்க்க வேண்டும். 'டிஎக்ஸ்' (TX, அதாவது அனுப்புவது) என்றோ, 'அவுட்புட் பவர்' என்று இத்தனை வாட் என்றோ ஒரு வரி இருந்தால், அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். மைக் செருகும் துளையோ, பேசும் பொத்தானோ இருந்தாலும் அப்படித்தான். டெக்சன் போன்ற சாதாரண சிற்றலை ரேடியோ போதும். ஒன்று மட்டும் பார்த்து வாங்குங்கள்: எஸ்எஸ்பி என்ற ஒருபக்கப்பட்டை ஒலிபரப்பு முறையைப் பிடிக்கும் வசதி இருக்க வேண்டும். அமெரிக்காவின் உரிமமில்லா நிலையங்கள் பல 6925 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் அந்த முறையில்தான் வருகின்றன. அது இல்லாத பெட்டியில் வாத்து கத்துவதுபோல்தான் கேட்கும்.

"லைசென்ஸ் ஃப்ரீ" என்ற விளம்பரத்தை நம்பி ஏமாறுகிறவர்கள் இன்னொரு கூட்டம். உரிமம் தேவைப்படாத அலைவரிசைகள் இந்தியாவில் உண்டு. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை 2018 விதிகளின்படி விலக்கு இருக்கிறது; 27 மெகாஹெர்ட்ஸ் சிட்டிசன் பேண்டிலும் 5 வாட் வரை விலக்கு உண்டு. ஆனால் விலக்கு அலைவரிசைக்குள் மட்டுமே இயங்கும் கருவிக்குத்தான் அது. 446-ஐயும் தொட்டு, 136 முதல் 174 வரையும் போகும் கருவிக்கு அந்த விலக்கு கிடையாது. அதோடு, கருவிக்கு இடிஏ என்ற ஒப்புதலும் இருக்க வேண்டும். இந்தக் குழப்பத்தைப் பயன்படுத்தி விற்றுத் தள்ளியதால்தான் 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் மின்வணிகத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது, வழிகாட்டு நெறிகளும் வந்தன. அதற்கு முன்பே வாங்கியவர்கள் வீட்டில் அந்தக் கருவிகள் இன்னமும் கிடக்கின்றன. 'விற்றது அவர்கள்தானே' என்ற சமாதானம் காவல் நிலையத்தில் செல்லாது.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கத்தில் நிற்கும். இது என் மனதை மிகவும் புண்படுத்தும் இடம். கேட்க மட்டுமே உதவும் ஒரு பெட்டிக்கு, அனுப்பும் கருவிக்கு மத்திய அரசின் அலைவரிசைப் பிரிவான டபிள்யூபிசி தரும் உரிமத்தைக் கேட்பார்கள். உரிமம் தரும் பக்கத்தில் விசாரித்தால், "கேட்கும் கருவிக்கு நாங்கள் உரிமம் தருவதில்லை" என்பார்கள். அந்தப் பதிலை எழுத்தில் கேட்டால் தர மாட்டார்கள். நடுவில் உங்கள் பார்சல் திரும்பிப் போய்விடும். பார்சல் வருவதற்கு முன்பே தயாராக இருங்கள்: தயாரிப்பாளரின் விவரத்தாளை அச்செடுத்து, 'கேட்பான் மட்டும், அனுப்பும் வசதி இல்லை' என்ற வரிக்குக் கீழே கோடு போட்டு, ஒரு பக்கக் கடிதத்தோடு கொடுங்கள். அதிகாரி வாயால் மறுத்தால், எந்த விதியின்படி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் இந்தத் தொல்லையே வேண்டாம். கொஞ்சம் விலை கூடினாலும் ரிச்சி தெருவிலோ, ஜிஎஸ்டி பில் போடும் இந்திய விற்பனையாளரிடமோ வாங்குங்கள். பில்லில் மாடல் பெயர் தெளிவாக இருக்கட்டும். அந்த ஒரு தாள் பின்னால் உங்களைக் காப்பாற்றும்.

மொட்டை மாடியில் நீளக் கம்பி கட்டினால் அக்கம்பக்கம் கவனிக்கும், அதிலும் ராமநாதபுரம், நாகப்பட்டினம் மாதிரிக் கடலோரத்தில் கூடுதலாகக் கவனிக்கும். ஈழப்போர்க் காலத்து நினைவு அங்கே இன்னும் ஆறவில்லை. போலீஸ் வந்தால் பதறாமல் பில்லையும் விவரத்தாளையும் காட்டுங்கள். எடுத்துக்கொண்டுதான் போவோம் என்றால், கைப்பற்றிய பட்டியலில் மாடலும் வரிசை எண்ணும் எழுதச் சொல்லி, கையெழுத்துப் போட்ட நகலை வாங்குங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு, பொருளைக் கைப்பற்றுவதை வீடியோவில் பதிய வேண்டும் என்கிறது. அதை மரியாதையாக நினைவூட்டலாம். அந்த நகலை வாங்காமல் விட்டால், அப்படி ஒரு கருவி உங்களிடம் இருந்ததற்கே சாட்சி இருக்காது.

எதைக் கேட்கலாம் என்பதிலும் ஒரு கோடு இருக்கிறது. பைரேட் (உரிமமில்லா) நிலையம் பாட்டுப் போடுகிறது, வணக்கம் சொல்கிறது, 'கேட்டால் மின்னஞ்சல் அனுப்புங்கள்' என்கிறது. அது ஊருக்கே பேசுவது. காவல்துறை, கடலோரக் காவல்படை, தனியார் நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது அப்படி அல்ல. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் 42ஆம் பிரிவில், பிறர் செய்தியைச் சட்டவிரோதமாக இடைமறிப்பதற்கு 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. தேடும்போது தற்செயலாகக் காதில் விழுந்தால் குமிழைத் திருப்பிவிடுங்கள். பதிவு செய்யாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் போடவே போடாதீர்கள்.

கருவியே வாங்காமலும் கேட்கலாம். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் தன் சிற்றலை ரேடியோவை இணையத்தில் இலவசமாகத் திறந்துவைத்திருக்கிறது. ஐரோப்பிய பைரேட்டுகள் அதிகம் வருவது 6200 முதல் 6400 கிலோஹெர்ட்ஸ் வரை, வார இறுதியில். அவர்களுக்கு ஞாயிறு காலை என்றால் நமக்கு மதியச் சாப்பாட்டு நேரம். அங்கே ஒரு மாதம் கேட்டுப் பழகுங்கள், அப்புறம் பணத்தைச் செலவழியுங்கள்.

பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்களுக்குத் தரும் அமெச்சூர் (ஹாம்) உரிமம், கேட்பதற்குத் தேவையில்லை. அது இல்லாமல் கேட்கவே கூடாது என்று பயமுறுத்திப் பயிற்சிக்கு ஆள் சேர்க்கிறவர்களிடம் ஏமாறாதீர்கள். பேசவும் ஆசை இருந்தால் மட்டும் எடுங்கள். 12 வயது ஆகியிருந்தால் தேர்வு எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் வகைக்கு மோர்ஸ் (புள்ளி-கோடு தந்திக் குறியீடு) வேண்டாம், ஜெனரலுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகம் வேண்டும். உரிமக் கட்டணம் 20 ஆண்டுக்கு 1,000 ரூபாய், ஆயுளுக்கு 2,000. விண்ணப்பம் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் இணையதளத்தில். நம் ஆட்கள் விழும் பள்ளம் இன்ஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, பள்ளிச் சான்றிதழில் இன்ஷியல் முன்னால், விண்ணப்பத்தில் பின்னால் என்று மூன்று விதமாக இருந்தால் கோப்பு அங்கேயே படுத்துவிடும். மூன்றையும் முதலில் ஒன்றாக்குங்கள். அடுத்த பள்ளம், தேர்வில் தேறியதையே உரிமம் என்று நினைப்பது. தேர்ச்சிச் சான்றிதழ் வேறு, உரிமம் வேறு. இடைப்பட்ட காலத்தில் டிரான்சீவர் (அனுப்பவும் கேட்கவும் உதவும் கருவி) வாங்கினால் நீங்களும் உரிமமில்லாதவர்தான். சரிபார்ப்பு என்று மாதக்கணக்கில் இழுத்தால் தொலைபேசியில் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டாம். 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். 'எப்போது தருவீர்கள்' என்று கேட்டால் மழுப்புவார்கள்; 'என் விண்ணப்பம் எந்தத் தேதியிலிருந்து எந்த அதிகாரியிடம் இருக்கிறது' என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

உரிமமில்லா அலை எதையாவது கேட்டுப் புகார் கொடுக்க நினைத்தால், முதலில் ஒரு நோட்டு போடுங்கள்: சர்வதேச நேரம் (நம் நேரத்தில் ஐந்தரை மணி கழித்தால் வருவது), கிலோஹெர்ட்ஸ், எந்த ஒலிபரப்பு முறை, எந்த மொழி. இடத்தை ஊகித்து எழுதாதீர்கள். சிற்றலை வானில் பட்டுத் திரும்புவதால், பக்கத்துத் தெரு போல் கேட்பது ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கலாம். தவறாக ஒருவரைக் காட்டிக்கொடுத்தால் அந்தக் குடும்பம் அலையும். விசாரிக்க வேண்டியது மத்திய அரசின் வயர்லெஸ் கண்காணிப்பு அமைப்பு, உள்ளூர் காவல் நிலையம் அல்ல. எல்லைப் பக்கம் கேட்ட சந்தேகப் பேச்சுகளை மேற்கு வங்க அமெச்சூர்கள் 2024இல் மத்திய அரசிடம் தெரிவித்தபோது, அது போய்ச் சேர்ந்தது கொல்கத்தாவில் உள்ள கண்காணிப்பு நிலையத்துக்குத்தான். சென்னைக்காரர்களுக்குப் பெருங்குடியில் நிலையம் இருக்கிறது. நேரில் போய் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். இரண்டு நகல் எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.