இரண்டாவது ஹார்ட் டிஸ்க் மாட்டிய பிறகு கணினி முரண்டு பிடித்தால்

வீட்டுக் கணினியில் இரண்டாவது ஹார்ட் டிஸ்க் மாட்டிவிட்டுப் பழுது என்று வருபவர்களின் புகார் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். கணினி ஆன் ஆகவே இல்லை என்பார்கள். ஆன் ஆகிறது, விண்டோஸ்தான் வரவில்லை என்பார்கள். அல்லது எல்லாம் சரியாக இருக்கிறது, மாட்டிய டிஸ்க்கை மட்டும் காணோம் என்பார்கள். இவற்றில் டிஸ்க்கே பழுதாக இருப்பது குறைவு. கேபிள், மின்சாரம், பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் நிரல்) அமைப்பு ஆகியவற்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும், அதைச் சரிசெய்ய அதிக நேரமும் ஆகாது. ஆனால் அதற்குள் பதற்றத்தில் திரையில் வந்த ஏதோ ஒரு கேள்விக்கு ‘ஓகே’ கொடுத்துவிட்டு, பல வருடப் புகைப்படங்களை எட்டாத இடத்துக்கு அனுப்பிவிட்டு வருபவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். எனவே பழுதைத் தேடும் வரிசையோடு, எந்த இடத்தில் கையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது, செய்த மாற்றத்தைத் திருப்புவது. கணினியை நிறுத்தி, மின்கம்பியைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, புதிய டிஸ்க்கின் டேட்டா கேபிள், பவர் கேபிள் இரண்டையும் கழற்றிய பிறகு ஆன் செய்து பாருங்கள். கணினி பழையபடி ஓடினால், தேட வேண்டிய இடம் புதிய டிஸ்க்கையும் அதன் இணைப்புகளையும் சுற்றித்தான் இருக்கிறது. அப்படியும் ஓடவில்லையென்றால், கேபினெட்டுக்குள் கை போனபோது வேறு எதுவோ அசைந்திருக்கிறது. ராம் (நினைவகப் பலகை) ஒரு பக்கம் மேலெழும்பியிருப்பது இதில் மிகவும் சாதாரணம். அதைக் கழற்றி, இரு முனைகளிலும் ‘டிக்’ என்று கேட்கும்வரை அழுத்திப் பொருத்தினாலே பல கணினிகளில் திரை வந்துவிடும். அடுத்தது பழைய டிஸ்க்கின் சாட்டா கேபிள், அதாவது டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் டேட்டா கேபிள். உலோகப் பூட்டு இல்லாத பழைய கேபிள்கள் பக்கத்துக் கேபிளை இழுத்தாலே நழுவிவிடும், பார்வைக்கு மாட்டியிருப்பதுபோலவே தெரியும். அதைத் திரும்பச் செருகும்போது பக்கவாட்டில் நெம்பக் கூடாது. டிஸ்க்கின் பின்புறம் இருக்கும் எல் வடிவ பிளாஸ்டிக் நாக்கு அவ்வளவு மெல்லியது; அது உடைந்தால் கேபிளைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இருக்காது.

மின்சாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் டிஸ்க்கை உண்மையிலேயே கொல்லும் தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. இரு முனைகளிலும் கழற்றக்கூடிய கேபிள்களைக் கொண்ட மாடுலர் எஸ்எம்பிஎஸ்களில் (கணினிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி), டிஸ்க் பக்கத்து முனைக்குத்தான் பொதுவான தரம் உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் வரும் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டப்படி வைத்திருக்கிறது; ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கு இடையிலும் அது மாறலாம். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள் அச்சாகப் பொருந்துகிறதே என்று புதியதில் செருகினால், 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் பாய்ந்து டிஸ்க்கின் சர்க்யூட் போர்டு அந்த நொடியே கருகிவிடும். இதற்குப் பிறகும் டிஸ்க்கின் உள்ளே சுழலும் தட்டுகளில் தகவல் இருக்கலாம். ஆனால் அதே மாடலில் இன்னொரு டிஸ்க்கின் போர்டை வாங்கி மாட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகளைச் சுமந்திருக்கும் சிப் பழைய போர்டில் இருக்கும். அதையும் பெயர்த்து மாற்ற வேண்டியிருக்கும். கேபிளை மாற்றாமல், எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்ததையே பயன்படுத்தியிருந்தால் இவ்வளவும் நேராது.

சாட்டா பவர் முனை போதவில்லை என்று மோலக்ஸ் என்ற பழைய நான்கு பின் பவர் முனையிலிருந்து மாற்றித் தரும் அடாப்டரை வாங்குபவர்களும் உண்டு. கம்பிகளின் மேல் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த மலிவான வகையில் உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று நெருங்கி, ஷார்ட் ஆகித் தீப்பற்றிய சம்பவங்கள் உண்டு. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கவ்வப்பட்டிருக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். விலை வித்தியாசம் பேசுவதற்கே தகுதியற்றது. இன்னொன்று: 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் சில விநாடிகளில் 12 வோல்ட் கம்பியிலிருந்து ஏறக்குறைய 2 ஆம்பியர் வரை, அதாவது 24 வாட் அளவுக்கு இழுக்கும். பல வருடம் ஓடித் தளர்ந்த எஸ்எம்பிஎஸ்ஸில், டிஸ்க் சுழலத் தொடங்கி நின்றுபோவதும், கணினி ஆன் ஆகும்போதே ரீஸ்டார்ட் ஆவதும் இதன் அறிகுறிகள். மேலே ஒட்டியிருக்கும் 450 வாட் ஸ்டிக்கரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

மின்சாரம் சரி, விண்டோஸ்தான் வரவில்லை என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது பூட் வரிசை, அதாவது கணினி எந்த டிஸ்க்கில் முதலில் விண்டோஸைத் தேடுகிறது என்பது. புதிய டிஸ்க் மாட்டியதும் சில மதர்போர்டுகள் அதையே முதலிடத்தில் வைத்துக்கொள்கின்றன. அதில் விண்டோஸ் இல்லாததால் ‘ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்’ என்ற வரி கறுப்புத் திரையில் வந்து நிற்கும். பயாஸுக்குள் சென்று பழைய டிஸ்க்கை, அல்லது ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்று காட்டும் பதிவை முதலிடத்துக்குக் கொண்டுவந்தால் போதும். அங்கே சென்றதும், மதர்போர்டு டிஸ்க்குகளோடு பேசும் முறையைத் தீர்மானிக்கும் சாட்டா மோடு என்ற அமைப்பில் மட்டும் கை வைக்காதீர்கள். டிஸ்க் தெரியவில்லையே என்று அதை ஏஹெச்சிஐயிலிருந்து ரெய்டுக்கோ, ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐக்கோ மாற்றினால், நல்ல நிலையில் இருந்த விண்டோஸும் நீலத் திரையில் போய் நிற்கும். பிட்லாக்கர் குறியாக்கம் (டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) செயலில் உள்ள கணினியாக இருந்தால், பயாஸ் மாற்றத்துக்குப் பிறகு 48 இலக்க மீட்புச் சாவியை அது கேட்கக்கூடும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்த பல கணினிகளில் வீட்டுக்காரருக்குத் தெரியாமலே இந்தக் குறியாக்கம் இயங்குகிறது. அந்தச் சாவி பெரும்பாலும் அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். கேபினெட்டைத் திறப்பதற்கு முன்பே அதை எடுத்து ஒரு தாளில் எழுதிக்கொள்வது உத்தமம்.

பயாஸிலேயே புதிய டிஸ்க் தெரியவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள், பிறகு போர்டில் வேறு சாட்டா முனையில் செருகிப் பாருங்கள். போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 எஸ்எஸ்டி (சுழலும் தட்டுகள் இல்லாத டிஸ்க்) மாட்டிய போர்டுகளில் குறிப்பிட்ட ஓரிரு சாட்டா முனைகள் தாமாகவே செயலிழக்கும்படி வடிவமைத்திருப்பார்கள். எவை என்று போர்டின் கையேட்டில் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை, படித்தால் எங்களுக்கு வேலை கொஞ்சம் குறையும்.

இனி, பயாஸில் தெரிகிறது, விண்டோஸில் மட்டும் காணோம் என்ற நிலை. புத்தம் புதிய டிஸ்க் என்றால் இது பழுதே அல்ல. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் ‘இனிஷியலைஸ்’ (முதன்முறை பயன்பாட்டுக்குத் தயார்) செய்யச் சொல்லிக் கேட்கும். டிஸ்க்கின் பகுதிகளைக் குறித்துவைக்கும் புதிய முறையான ஜிபிடி என்பதைத் தேர்ந்தெடுத்து, பார்ட்டிஷன் (பகுதி) உருவாக்கி, ஃபார்மட் செய்தால் முடிந்தது. பழைய எம்பிஆர் முறையைத் தேர்ந்தெடுத்தால் 2 டிபிக்கு (டெராபைட்) மேற்பட்ட இடத்தைப் பயன்படுத்த முடியாது. 2 டிபி என்று வாங்கியது 1.81 என்று காட்டுகிறதே, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்று கேட்பவர்களுக்கு: இல்லை, தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கிலும் விண்டோஸ் 1024இன் மடங்கிலும் கணக்கிடுவதால் வரும் வித்தியாசம்தான் அது.

ஆனால் ஏற்கெனவே தகவல் இருக்கும் டிஸ்க்கை மாட்டியபோதும் அதே ‘இனிஷியலைஸ்’ கேள்வி வந்தால், அங்கேதான் கையை எடுத்துக்கொள்ள வேண்டும். கேன்சல் கொடுத்துவிட்டு யோசியுங்கள். ‘ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்’ என்று வரும் செய்திக்கும் இதே பதில்தான். டிஸ்க் காலியாக இருக்கிறது என்று விண்டோஸ் அங்கே சொல்லவில்லை. தன்னால் அதைப் படிக்க முடியவில்லை என்றுதான் சொல்கிறது. யுஎஸ்பி முனை தளர்ந்துபோன ஓர் எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் உறையைப் பிரித்து, உள்ளிருந்த டிஸ்க்கை நேராகக் கேபினெட்டில் மாட்டிய ஒருவர், முழு இடமும் கறுப்புப் பட்டையாக ‘அன்அலொகேட்டட்’ (ஒதுக்கப்படாதது) என்று காட்டுவதைப் பார்த்துக் கலங்கிப்போய் வந்தார். நல்லவேளையாக உறையைத் தூக்கிப் போடவில்லை. அதற்குள் இருந்த விரல் நீளச் சின்ன போர்டின் யுஎஸ்பி முனையைப் புதிதாகப் பற்றவைத்து, டிஸ்க்கை மீண்டும் அதிலேயே பொருத்தியதும் கோப்புகள் அத்தனையும் திறந்தன. இவ்வகைப் போர்டுகளில் சில, டிஸ்க்கின் 512 பைட் செக்டர்களை (தகவல் எழுதப்படும் சிறு கட்டங்கள்) 4096 பைட்டாக மாற்றிக் காட்டுகின்றன. சில, எழுதுவதை எல்லாம் குறியாக்கம் செய்தே எழுதுகின்றன. போர்டு இல்லாமல் டிஸ்க்கை மட்டும் மாட்டினால் விண்டோஸுக்கு எதுவும் புரியாது. அவர் இனிஷியலைஸ் செய்து, ஃபார்மட்டும் கொடுத்திருந்தால் கதை வேறு.

உறையிலிருந்து எடுத்த டிஸ்க் சுழலவே இல்லை என்றால் அதற்கும் ஒரு காரணம் உண்டு. புதிய சாட்டா தரத்தில், பவர் முனையின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் அணைந்தே இருக்கும்படி ஒரு வசதி சேர்க்கப்பட்டிருக்கிறது. பழைய எஸ்எம்பிஎஸ்கள் அந்தப் பின்னுக்கு எப்போதும் 3.3 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்தப் பின்னை மட்டும் காப்டன் (Kapton) எனும் மின்சாரம் கடத்தாத டேப்பால் மறைத்தால் டிஸ்க் சுழலும்.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் அதை மாட்டியதிலிருந்து கணினியே ஆமை வேகம் என்பவர்கள் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் அதன் ஸ்மார்ட் பதிவை, அதாவது டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் பதிவைப் பார்க்கலாம். பதினாறெண் குறியில் சி7 என்ற சிஆர்சி பிழை (தகவல் கடத்தலில் நேரும் பிழை) எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனால், குற்றவாளி பெரும்பாலும் சாட்டா கேபிள். பழுதான செக்டர்களைக் குறிக்கும் 05, சி5, சி6 ஆகியவற்றில் எண்ணிக்கை ஏறினால் தட்டுகளிலேயே கோளாறு. அப்போது விண்டோஸின் பிழை திருத்தும் கருவியான செக்டிஸ்க் ஓட்டுவதை நான் கடுமையாக எதிர்ப்பேன். அது கோப்பு அமைப்பை ஒழுங்குபடுத்தப் பார்க்குமே தவிர உங்கள் தகவலைக் காப்பாற்றாது, தளர்ந்த டிஸ்க்கை மேலும் அலைக்கழிக்கும். முக்கியமானவற்றை முதலில் நகலெடுங்கள். ‘டக், டக்’ என்று சீரான இடைவெளியில் தட்டும் சத்தம் கேட்டால் அதையும் முயல வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத் தகவல் மீட்பு ஆய்வகத்திடம் கொடுங்கள்.

மாதங்கள் கழித்து வெளிப்படும் ஒரு கோளாறும் இருக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றாமலேயே புதிய எஸ்எஸ்டியில் விண்டோஸ் நிறுவினால், நிறுவும் நிரல் பூட் கோப்புகளைப் பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் சிறிய சிஸ்டம் பார்ட்டிஷனிலேயே எழுதிவிடக்கூடும். எல்லாம் நன்றாகத்தான் ஓடும். பழைய டிஸ்க் பழுதாகியோ, போதும் என்று கழற்றியோ எடுக்கும் நாளில், எஸ்எஸ்டியில் விண்டோஸ் முழுமையாக இருந்தும் கணினி பூட் ஆகாது. பழைய டிஸ்க் இன்னும் உயிரோடு இருந்தால் அதை மீண்டும் மாட்டினால் வந்துவிடும். இல்லாவிட்டால் விண்டோஸ் நிறுவும் பென் டிரைவில் பூட் செய்து, எஸ்எஸ்டியில் சிறிய சிஸ்டம் பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்கி, பிசிடிபூட் கட்டளையால் பூட் கோப்புகளை அதில் எழுதிக்கொள்ளலாம். நிறுவும்போது எஸ்எஸ்டி தவிர மற்ற டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டால் இந்த வேலையே வராது.