குழந்தைக்குத் தொற்று இல்லையென்றாலும் உதவி பெறும் உரிமை உண்டு

எச்.ஐ.வி. உள்ள தாய் தன் குழந்தைக்காக உதவி கேட்டுச் செல்லும்போது, "குழந்தைக்குத் தொற்று இல்லையே, பிறகு எதற்கு?" என்று திருப்பி அனுப்புவது இன்னும் நடக்கிறது. இது சட்டத்துக்குப் புறம்பான பதில். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், தொற்றுள்ள தாய் அல்லது தந்தையுடன் வாழும் 18 வயதுக்குட்பட்ட குழந்தையையும், எய்ட்ஸால் தாயையோ தந்தையையோ இழந்த குழந்தையையும் 'பாதிக்கப்பட்ட குழந்தை' என்றே வரையறுக்கிறது.

முதலில் பரிசோதனை. ஆறாவது வாரத்தில் குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் ரத்தத்துளிப் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். தாய்ப்பால் தொடரும்வரை அது இறுதி முடிவல்ல. ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் மறுபடி பார்த்து, பதினெட்டாம் மாதத்தில்தான் உறுதி செய்வார்கள். இடையில் தனியார் ஆய்வகத்தில் சாதாரண எச்.ஐ.வி. பரிசோதனை எடுத்து, 'பாசிட்டிவ்' என்று வந்ததைக் கண்டு நிலைகுலைய வேண்டாம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப்பொருளே அப்படிக் காட்டக்கூடும். பிரசவத்துக்குத் தாய்வீடு செல்பவர்கள், கிளம்புமுன்பே, எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில், வேறு ஊர் மையத்தில் தொடர்வதற்கான மாற்றுக் கடிதம் வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் இரண்டு மாவட்டங்களுக்கு இடையே அலைவதற்குள் பரிசோதனைக்குரிய வாரம் கடந்துவிடும்.

அடுத்தது பணம். குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் நிதி ஆதரவு, தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். கணவரின் இறப்புச் சான்று இருந்தால்தான் வாங்குவோம் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் பெற்றோருக்கு உயிருக்கு ஆபத்தான நோய் இருப்பதும் தனித் தகுதியே என்பதை எடுத்துச் சொல்லுங்கள். ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாயையும் நகரத்தில் 96,000 ரூபாயையும் தாண்டக்கூடாது. ஒரு பைசா கூடத் தராத மாமனாரின் வருமானத்தையும் சேர்த்து எழுதிவிட்டால் அதிலேயே விண்ணப்பம் அடிபட்டுப்போகும். ஆகவே வருமானச் சான்றைக் கையில் வாங்கியவுடனே தொகையைப் படித்துப் பாருங்கள். விண்ணப்பம் கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு இல்லாமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள், ஏனென்றால் ஒப்புதல் குழு எப்போது கூடும் என்று கேட்பதற்குக்கூட அந்தச் சீட்டுதான் ஆதாரம்.

மருத்துவச் சான்றை ஜெராக்ஸ் கடையிலோ ஊர் அறிந்த இ-சேவை மையத்திலோ கொடுக்காதீர்கள். உறையில் போட்டு ஒட்டி, குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரிடம் நேரில் கொடுங்கள். அங்கன்வாடியோ பள்ளியோ சேர்க்கைக்காக எச்.ஐ.வி. பரிசோதனை கேட்க முடியாது, அப்படிக் கேட்பதே புகாருக்கு உரியது. அந்தப் புகாரை இச்சட்டத்தின்படியான மாநிலக் குறைதீர்ப்பாளருக்கு எழுதினால், அவர் 30 நாட்களுக்குள் உத்தரவிட வேண்டும். எங்கே எழுதுவது என்று தெரியாவிட்டால் 1097 என்ற இலவச எண்ணை அழையுங்கள்.