68,000 ரூபா எஸ்டிமேட், லீக் எங்கன்னு மட்டும் எழுதல

வில்லிவாக்கத்துல ஒரு பழைய அப்பார்ட்மென்ட், ரெண்டாவது மாடி. பாத்ரூம்லருந்து கீழ் வீட்டுக்குத் தண்ணி ஒழுகுதுன்னு ரிட்டயர்டு டீச்சரம்மா ஒருத்தங்க போன் பண்ணி வரச் சொன்னாங்க. போனதும் காபி குடுத்துட்டு இன்னொரு பிளம்பர் குடுத்த எஸ்டிமேட் சீட்ட நீட்டினாங்க, ஹார்டுவேர் கடை பேடுல பேனாவால எழுதினது. "பாத்ரூம் ரிப்பேர், மெட்டீரியல் லேபர் சேத்து 68,000. டைல்ஸ் வேலை தனி." அவ்ளோதான் எழுதியிருக்கு. "தம்பி, நீங்க இதுல எவ்ளோ கொறைப்பீங்க?"ங்கறாங்க.

நான் இருபது வருஷத்துக்கு மேல பிளம்பிங் கான்ட்ராக்ட் பண்றவன், இந்த மாதிரி சீட்டு நானும் ஒரு காலத்துல எழுதிக் குடுத்தவன்தான், அதனால அதுல என்ன இருக்கு என்ன இல்லன்னு பாத்தவுடனே தெரியும். நீங்க தொகைய அப்புறம் பாருங்க. அந்த ஆள் என்ன டெஸ்ட் பண்ணிட்டு எழுதினாருன்னு மொதல்ல கேளுங்க. டீச்சரம்மாகிட்ட கேட்டேன். "வந்தாருப்பா, பாத்ரூம எட்டிப் பாத்தாரு, மொத்தமா ஒடைச்சாதான் ஆகும்னாரு." லீக் எங்கன்னே தெரியாம ஒடைக்கிறதுக்கு 68,000!

கீழ் வீட்டுக்குப் போனேன். சீலிங்ல ஒரு பெரிய ஈரத் திட்டு, பெயின்ட் உரிஞ்சு தொங்குது. அந்த சாரை ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், எந்நேரமும் சொட்டுதா, இல்ல குறிப்பிட்ட நேரத்துலயான்னு. "காலைல எட்டு மணிக்கு மேல, அவங்க எல்லாம் குளிச்சு முடிச்ச அப்புறம்"னாரு. இதுலயே பாதி வேலை முடிஞ்சுது. டேங்க்லருந்து வர்ற லைன்ல எப்பவும் பிரஷர் இருக்கும், அது ஒழுகினா ராத்திரி ரெண்டு மணிக்கும் சொட்டும். குளிச்ச அப்புறம் மட்டும் சொட்டுதுன்னா பெரும்பாலும் தண்ணி வெளிய போற பக்கம்தான் கோளாறு, இல்லன்னா தரை. அப்ப செவுத்துல இருக்கற பைப்ப எதுக்கு மாத்தணும்?

நானி டிராப்புக்குள்ள, அதான் பாத்ரூம் தரைத் தண்ணி எறங்குற ஓட்டைக்குக் கீழ இருக்கற கிண்ணம், அதுக்குள்ள துணியச் சுத்தி நல்லா அடைச்சுட்டு, தரையில ரெண்டு இன்ச் தண்ணி நிரப்பி, சட்டைக்குப் போடற சொட்டு நீலத்த அதுல ஊத்தி விட்டுட்டேன். மறுநாள் காலை வரைக்கும் கீழ ஒரு சொட்டு இல்ல. துணிய உருவி விட்டேன், பதினஞ்சு நிமிஷத்துல கீழ் வீட்டு சார் போன்ல கத்துறாரு, "நீலமா சொட்டுதுங்க!" தரை நல்லாத்தான் இருக்கு, டிராப்பும் பைப்பும் சேர்ற எடம் போயிருக்கு. நாலு டைல்ஸ் எடுத்துப் பாத்தா, கட்டினப்பவே அந்த ஜாயின்ட்டுக்கு பசை போடாம சும்மா சொருகி சிமென்ட்டப் பூசி விட்டுட்டுப் போயிருக்காங்க. டிராப், பைப், வாட்டர் ப்ரூஃபிங், கொத்தனார் கூலி எல்லாம் சேத்து 9,200ல முடிஞ்சுது. டைல்ஸ் மட்டும் அதே ஷேடு கெடைக்கல, அந்த நாலும் தனியாத் தெரியும்னு முன்னாடியே சொல்லிட்டுதான் கைய வச்சேன்.

இதுக்காக எப்பவுமே கம்மி ரேட்தான் சரின்னு நெனைச்சுராதீங்க. பழைய ஜிஐ (இரும்பு) பைப் உள்ள துருப்பிடிச்சு, தண்ணி வர்ற ஓட்டை சுண்டுவிரல் கூட நுழையாத அளவுக்கு அடைச்சுக்கிட்ட வீடு நெறைய இருக்கு, அங்க ஒரு எடத்துல ஒட்டு போட்டா அடுத்த மாசம் இன்னொரு எடம் ஒழுகும், முழு லைனும் மாத்தறதுதான் ஒழுங்கு. ஆனா அப்படி மாத்தும்போது என்ன பைப்புன்னு எழுதி வாங்கணும். வெந்நீர் லைனுக்கு சிபிவிசி, அதாவது சூடு தாங்கற பிளாஸ்டிக் பைப், அதுல எஸ்டிஆர்னு கனத்தக் காட்டற நம்பர் 11னும் 13.5னும் ரெண்டு இருக்கு, 11தான் கனம் ஜாஸ்தி, வெலையும் ஜாஸ்தி. எஸ்டிமேட்ல 11னு போட்டுட்டு 13.5 எறக்குறவங்கள பாத்திருக்கேன். பைப் மேலயே சைஸ், எஸ்டிஆர், ஐஎஸ் 15778ங்கற தர நம்பர் எல்லாம் பிரின்ட் அடிச்சிருக்கும், ஒட்டறதுக்கு முன்னாடி கண்ணாடியப் போட்டுட்டு நீங்களே படிங்க.

குழாய் மாட்டற பாயின்ட்ல பித்தளை மரை வச்ச எல்போ (பைப் திரும்பற எடத்துல போடற வளைவு) போடறாரான்னும் பாருங்க. முழு பிளாஸ்டிக் எல்போ விலை ரொம்பக் கம்மிதான், ஆனா டேப்ப கொஞ்சம் அழுத்தி முறுக்கினா செவுத்துக்குள்ளயே கீறல் விட்டுரும், அப்புறம் டைல்ஸ் ஒடைக்கிற செலவு யாரு குடுப்பா. லேபர்ல 300 ரூபா கொறைக்கச் சொல்லி அரை மணி நேரம் பேசுறவங்க இந்த எல்போவப் பத்தி ஒரு வார்த்த கேக்க மாட்டாங்க, அது எனக்கு இன்னும் புரியல.

அளவயும் ஒரு தடவ சரி பாத்துருங்க, கஷ்டம் இல்ல. சிபிவிசி பைப் வழக்கமா 3 மீட்டர் நீளம், அதாவது பத்து அடி சொச்சம். ஏழுக்கு அஞ்சு பாத்ரூம்ல சுத்தளவே 24 அடிதான், வெந்நீர், பச்சத்தண்ணி, கீழ எறங்குற லைன் எல்லாம் சேத்தாலும் ஏழு எட்டு லெங்த் தாண்டாது. பதினஞ்சு லெங்த்னு இருந்தா எங்கெங்க போகுதுன்னு கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்க. கடைல பிளம்பருக்கு கமிஷன் உண்டு, அது ஊரறிஞ்ச விஷயம். லிஸ்ட்ட மட்டும் வாங்கிட்டு நீங்களே போய் டிஸ்கவுன்ட் கேட்டு வாங்கலாம், ஆனா பொருள் தப்பா வந்தா ஆளுங்க சும்மா உக்காந்திருக்கற நாளுக்கும் கூலி நீங்கதான் குடுக்கணும், யோசிச்சுக்குங்க.

ஜிஎஸ்டின்னு தனியா 18 சதவீதம் போட்டிருந்தா ஜிஎஸ்டி நம்பர் கேளுங்க. எழுத்தும் எண்ணும் சேத்து 15 இருக்கும், தமிழ்நாட்டுல எடுத்ததுன்னா 33ல ஆரம்பிக்கும். ரிஜிஸ்டர் பண்ணாதவருக்கு அந்த வரிய வசூல் பண்ற உரிமையே கிடையாது.

செப்டிக் டேங்க்ல "ஆள் எறக்கி கிளீனிங்"னு ஒரு வரி இருந்தா அத அடிச்சுட்டு ஆளயும் அனுப்பிருங்க. மனுஷங்கள வச்சு மலம் அள்ளறதத் தடை செஞ்ச 2013 சட்டப்படி அது குற்றம், வேலைக்கு வச்ச வீட்டுக்காரரும் மாட்டுவாரு, அதவிட முக்கியமா உள்ள எறங்கினவர் வெளிய வராமலே போயிரலாம். கழிவ உறிஞ்சுற லாரிதான் வரணும்.

பணம் மூணு தவணையா பேசுங்க. ரெண்டாவது தவணை, செவுத்த மூடறதுக்கு முன்னாடி பிரஷர் டெஸ்ட் முடிஞ்ச அப்புறம்தான். பைப்புக்குள்ள தண்ணிய அடைச்சு கைப்பம்ப்ல பிரஷர நான் 6 கிலோ வரைக்கும் ஏத்துவேன், மீட்டர் முள்ளு ஒரு மணி நேரம் அசையாம நிக்கணும். அந்த டெஸ்ட்டே எஸ்டிமேட்ல இல்லன்னா ஏன் இல்லன்னு கேளுங்க. ஒடைச்ச குப்பைய மூட்டை கட்டி கீழ எறக்குற கூலி யாருதுங்கறதும் அதே பேப்பர்ல இருக்கட்டும், கடைசி நாள் சண்டை பாதி அதுக்குத்தான் வரும்.

அந்தக் கீழ் வீட்டு சார் மறுநாளே பெயின்டர வரச் சொல்லிட்டாரு. வேணாம் சார், கான்கிரீட்டுக்குள்ள குடிச்ச தண்ணி வெளிய வர நாள் ஆகும், ஃபேன் போட்டு ஒரு மாசம் காய விடுங்கன்னேன். கேக்கல. பத்து நாள்ல பெயின்ட் கொப்புளிச்சு, லீக் இன்னும் நிக்கலன்னு எனக்கு போன். மறுபடியும் சொட்டு நீலத்தத் தூக்கிட்டுப் போனேன்.