சீல்: முத்திரையா, அடைப்பா?

பைக் பட்டறையில் "ஆயில் சீல் போயிடுச்சு சார்" என்பார்கள். வரி கட்டாத கடைக்கு நகராட்சி 'சீல்' வைத்ததாகச் செய்தி வரும். முதலாவது ஒழுகாமல் இருக்க, இரண்டாவது திறக்காமல் இருக்க. சொல் என்னவோ ஒன்றுதான். பம்பிலும் எஞ்சினிலும் இருக்கும் இந்தச் சீலுக்குத் தமிழில் என்ன சொல்வது?

லத்தீனில் 'சிக்னும்' என்றால் அடையாளம். அதன் குறுஞ்சொல் 'சிகில்லும்', சின்ன அடையாளம். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'சீல்' ஆனது. கடிதத்தை மடித்து, மெழுகை உருக்கி ஊற்றி, மோதிரத்தை அதில் அழுத்துவார்கள். அனுப்பியவர் யார் என்பதற்கு அது சான்று. நடுவில் யாரும் பிரிக்காமல் இருக்க மூடியும் கூட. இந்த மூடி வேலையிலிருந்துதான் காற்றும் நீரும் புகாமல் அடைப்பது என்ற பொருள் கிளைத்தது. தமிழில் 'முத்திரை' முதல் வேலையை நன்றாகவே செய்கிறது. பம்புக்கு அதை இழுத்துவந்து 'பம்பு முத்திரையை மாற்றவும்' என்று எழுதினால், படிப்பவர் ரப்பர் ஸ்டாம்பைத் தேடப் போவார்.

சரி, 'அடைப்பு' என்று வைத்துக்கொள்ளலாமா? அங்கேயும் சிக்கல். "பம்பில் அடைப்பு" என்று சொன்னால் பிளம்பர் குப்பை எடுக்கக் கம்பியோடு வருவார். பழைய அகராதிகளில் 'கலப்பற்று' என்றொரு சொல் உண்டு. மரக்கலத்தின் பலகை இடுக்குகளில் நீர் கசியாமல் நார் திணிப்பது. போர்த்துகீசிய 'கலஃபாத்'துக்குச் சொந்தக்கார சொல் அது. அழகான சொல்தான், ஆனால் இன்று பட்டறையில் யாருக்கும் புரியாது.

எதை அடைக்கிறது என்று பார்த்தால்தான் சொல் அமையும். ஹாட் டப் எனும் வெந்நீர்த் தொட்டியை எடுத்துக்கொள்வோம். (ஜகூஸி என்ற குடும்பப் பெயர் இப்போது தொட்டிக்கே ஆகிவிட்டது. கலிபோர்னியாவில் குடியேறிய அந்த இத்தாலியக் குடும்பம் அதற்கு முன்பு விவசாயப் பம்பு செய்துவந்தது. 1940களின் இறுதியில் காண்டிடோ ஜகூஸி, மூட்டுவாதத்தால் அவதிப்பட்ட தன் மகனுக்காகக் குளியல் தொட்டியில் வைக்கும் பம்பை உருவாக்கினார்.) இந்தத் தொட்டியின் பம்பில் மோட்டார் உலர்ந்த பக்கம், நீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் ஈரமான பக்கம். இரண்டையும் இணைக்கும் தண்டு சுழன்றுகொண்டே இருக்கும். காசிச் செம்பில் ஈயம் வைத்துப் பற்றவைத்தால் எத்தனை வருடமானாலும் ஒழுகாது, ஏனென்றால் அங்கே எதுவும் அசைவதில்லை. சுழலும் தண்டைச் சுற்றி அப்படிப் பற்றவைக்க முடியுமா?

முன்பெல்லாம் தண்டைச் சுற்றிக் கிளாண்ட் கயிறு திணித்து இறுக்கினார்கள். அது சொட்டுச் சொட்டாய் ஒழுகியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் சூடேறிக் கருகும். இப்போது இருப்பது மெக்கானிக்கல் சீல். ரப்பர் கிண்ணத்துக்குள் அசையாமல் நிற்கும் செராமிக் வளையம் ஒன்று, ஸ்பிரிங் தள்ள அதன்மேல் உரசிச் சுழலும் கார்பன் வளையம் ஒன்று. இரண்டு முகங்களுக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம்தான் மசகு. தண்ணீரில்லாமல் பம்பை ஓட்டினால் சீல் எரிந்துபோவது அதனால்தான். தொட்டிநீரின் சூடும் குளோரினும் ரப்பரை நாளடைவில் கெடுக்கும். மோட்டாரும் பம்பும் சேரும் இடத்தின் அடியில் சொட்டு விழுந்தால் பெரும்பாலும் இந்தச் சீல்தான் போயிருக்கும். விட்டுவைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போய், மோட்டார் அலற ஆரம்பிக்கும்.

மாற்றுகிறவர்கள் முதலில் மெயினை அணைத்து, வால்வுகளை மூடுங்கள். பம்பின் உறையைக் கழற்றி, தண்டின் பின்முனையை அசையாமல் பிடித்துக்கொண்டு இம்பெல்லரைத் திருகி எடுக்க வேண்டும். புது வளையங்களின் பளபளக்கும் முகத்தை விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பிசுக்கே கசிவுக்கு வழிவிடும். ரப்பர் கிண்ணம் ஏறாவிட்டால் சோப்புத் தண்ணீர் தொட்டு அழுத்தினால் போதும், சுத்தியல் வேண்டாம். உறை பொருந்தும் இடத்திலுள்ள ரப்பர் வளையமான ஓ-ரிங்கையும் கூடவே மாற்றிவிடுவது நல்லது. அதற்குச் சிலிகான் கிரீஸ்தான், வாசலின் கூடாது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் சில வகை ரப்பர் ஊதிவிடும்.

ஆக, பாகத்துக்கு என் தேர்வு 'கசிவடைப்பி'. எதை அடைக்கிறது என்று சொல்லுக்குள்ளேயே இருப்பதால் குழாய் அடைப்போடு குழம்பாது. மெக்கானிக்கல் சீல் 'சுழல் கசிவடைப்பி'. 'இயந்திரக் கசிவடைப்பி' என்று எழுதுவது வெறும் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. டென்மார்க்கில் பிறந்த நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1939இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஓ-ரிங்குக்கு 'ரப்பர் வளையம்' போதும். கேஸ்கெட்டுக்கு 'அடைப்புத் தகடு' பொருந்தும், அது தட்டையானதால். கடைக்குப் போகும்போது மட்டும் 'மெக்கானிக்கல் சீல்' என்றே கேளுங்கள், பழையதையும் கையில் எடுத்துப் போங்கள். தண்டின் விட்டம் ஒன்றாக இருந்தாலும் கிண்ணத்தின் அளவு பம்புக்குப் பம்பு மாறும்.